கேள்வி–பதில்: பழைய முயல்களோடு புதிய முயலைச் சேர்ப்பது எப்படி?

சென்ற மாதம் இந்தப் பகுதியில் முயலின் உணவைப் பற்றி எழுதியிருந்தேன். அதன் பிறகு வந்த கடிதங்களில் உணவைப் பற்றிக் கேட்டவர்கள் குறைவு. இன்னொரு முயலைக் கொண்டுவந்தோம், வீட்டில் இருப்பது அதை அண்டவிடவில்லை என்ற முறையீடே அதிகம். ஆகவே இம்முறை முழுப் பக்கங்களையும் அந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் வீட்டில் மூன்று ஆண்டுகளாக ஓர் ஆண் முயலும் ஒரு பெண் முயலும் ஒன்றாக வளர்கின்றன. இரண்டுக்கும் கருத்தடை அறுவைச் சிகிச்சை ஆகிவிட்டது. இரண்டும் பரம சாது. தெரிந்தவர் ஒருவர் தம்மால் வளர்க்க முடியாது என்று கொடுத்த ஐந்து மாத ஆண் முயலை நேற்று வாங்கி வந்து, மாலையிலேயே அவற்றின் கூண்டுக்குள் விட்டோம். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. பெண் முயல் பாய்ந்து கடித்துக் குதறியதில் கூண்டெல்லாம் ரோமம். பிரிக்கப் போன என் கணவரின் விரலிலும் கடி. இப்போது புதியதைத் தனிக் கூண்டில் வைத்திருக்கிறோம். மூலையிலேயே ஒடுங்கிக் கிடக்கிறது. இவை இனிச் சேருமா, அல்லது திருப்பிக் கொடுத்துவிடுவதுதான் நல்லதா?

பதில்: இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது சில நாட்கள் ஓடியிருக்கும். காயத்தை உடனே மருத்துவரிடம் காட்டும்படி ஏற்கெனவே உங்களுக்குத் தனியாக எழுதிவிட்டேன். மற்ற வாசகர்களுக்காக அதையும் சேர்த்தே சொல்கிறேன். முயல்கள் சண்டையிட்டால், எந்தப் பக்கமும் ரத்தம் தெரியவில்லை என்றாலும், மடியில் ஒரு துண்டை விரித்து ஒவ்வொன்றையும் உட்காரவைத்து, ரோமத்தை விரலால் விலக்கி, காது நுனி, மூக்கு, இமை, பின்புறம், தொடை இடுக்கு, பிறப்புறுப்பு ஆகிய இடங்களை நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். முயலின் தோல் மிக மெல்லியது. பல் பதிந்த துளை குண்டூசி முனை அளவுதான் இருக்கும், அதையும் ரோமம் மூடிவிடும். சில நாட்கள் கழித்து அங்கே கட்டி எழும்பும். முயலின் சீழ் நாய், பூனைகளின் சீழைப்போல நீர்த்து வடியாது. பற்பசைபோலக் கெட்டியாக இருப்பதால், கீறிவிட்டாலும் வெளியே வராமல், கட்டியையே முழுதாக அறுத்தெடுக்க நேர்வது உண்டு. அன்றைக்கே பார்த்துவிட்டால் அந்தத் துன்பத்தைப் பெரும்பாலும் தவிர்த்துவிடலாம்.

மூலையில் ஒடுங்கிக் கிடப்பதைவிட முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, அது தின்கிறதா, புழுக்கை போடுகிறதா என்பதுதான். முயலின் குடல் ஓயாமல் இயங்கிக்கொண்டிருக்க வேண்டிய உறுப்பு. பயமும் வலியும் அதை நிறுத்திவிடக்கூடியவை. 12 மணி நேரம் ஒன்றும் தின்னவில்லை என்றாலோ, புழுக்கை சிறுத்துக்கொண்டே வந்து நின்றுபோனாலோ மறுநாள் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். சேரும் என்றே நம்புகிறேன், ஆனால் நீங்கள் தொடங்கிய இடத்திலிருந்து அல்ல. உங்கள் பெண் முயலின் சாது குணம் ஒரே நாளில் மாறிவிடவில்லை. முயல்கள் தாடையைக் கூண்டுக் கம்பியிலும் தட்டின் விளிம்பிலும் நாற்காலிக் காலிலும் தேய்த்துவிட்டுப் போவதைப் பார்த்திருப்பீர்கள். தாடைக்கு அடியில் உள்ள சுரப்பியின் வாடையை அப்படித்தான் பூசுகின்றன. நமக்கு மூக்கில் ஏறாத அந்த வாடை அவற்றுக்குக் கையெழுத்திட்ட பத்திரம் மாதிரி. ஐரோப்பியக் காட்டு முயல்கள் நிலத்தடி வளைகளில் கூட்டமாக வாழ்ந்தாலும் அந்தக் கூட்டம் அந்நியரை எளிதில் உள்ளே விடாது. பெண் முயல்கள் குட்டி ஈனும் வளைக்காக மூர்க்கமாகவே சண்டையிடும். உங்கள் வீட்டுப் பெண் முயலுக்குக் கருத்தடை ஆகியிருந்தாலும் அந்த இயல்பு முழுதும் போய்விடாது. மூன்று ஆண்டுகளாகப் பத்திரம் எழுதி வைத்திருக்கும் இடத்தில், வேறொரு ஆணின் வாடையோடு ஓர் அந்நியன் திடீரென்று நின்றால் அது வேறென்ன செய்யும்?

எனவே இப்போதைக்குப் புதியதை முடிந்தால் வேறோர் அறையில், குறைந்தது 14 நாட்கள் தனியே வையுங்கள். மூக்கொழுகல், தும்மல், காதுக்குள் பொருக்குத் தட்டும் சொறி, பொடுகுபோல் உதிரும் தோல் சிற்றுண்ணி, குட்டிகளை வாட்டும் கழிச்சல் ஆகியவை புதிய முயலோடு வரக்கூடிய வழக்கமான விருந்தாளிகள். முயல் ரத்தக்கசிவு நோய் இன்னும் கொடியது. 1984இல் சீனாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட அந்த நோயில், எந்த அறிகுறியும் காட்டாமல் முயல் செத்துக் கிடப்பதும் உண்டு. தடுப்பூசி கிடைக்கும் இடத்தில் இருந்தால் மூன்றுக்குமே போட்டுவிடுவது நல்லது. தினமும் பழைய முயல்களுக்கு முதலில் தீவனம் வைத்துவிட்டு, புதியதைக் கடைசியாகக் கவனியுங்கள், கை கழுவுங்கள், தட்டையும் துடைப்பத்தையும் கலக்காதீர்கள். அந்த ஒரு நிமிடத்தில் ஏதும் தொற்றியிருக்கலாம் என்பதால் பழையவற்றையும் இதே நாட்களில் கண்காணிக்க வேண்டும். வாடை பழக்குவதற்காகத் துணியையும் தட்டையும் மாற்றிவைக்கும்படி பலர் சொல்வார்கள். சரியான யோசனைதான், ஆனால் இந்த 14 நாட்கள் முடிந்த பிறகு. முன்பே செய்தால் தனிமைப்படுத்தியதற்கே பொருள் இல்லாமல் போகும்.

அடுத்தது புதிய முயலுக்குக் கருத்தடை. உங்கள் பெண் முயல் சினையாக வாய்ப்பில்லை என்பதால் அவசியமில்லை என்று தோன்றலாம். ஆனால் ஐந்து மாத ஆண் முயல் விடலைப் பருவத்தின் உச்சியில் இருக்கிறது. கண்டதன் மீதெல்லாம் ஏறும், சிறுநீரைப் பீய்ச்சும், வீட்டிலுள்ள இன்னொரு ஆணை எதிரியாகவே பார்க்கும். அறுவைச் சிகிச்சை முடிந்த மறுநாளே இந்தக் குணம் மாறிவிடாது. உடலில் ஊறிய சுரப்பு வடிய நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதுவரை காத்திருப்பதுதான் பலருக்கு முடிவதில்லை. என் அனுபவத்தில், சேராமல் போன முயல்களில் பெரும்பாலானவை குணம் ஒத்துவராமல் பிரிந்தவை அல்ல. இந்தச் சில வாரங்களைக் காத்திராமல் விடப்பட்டவையே.

காத்திருக்கும் காலத்தை வீணாக்கவும் வேண்டாம். தனிமைப்படுத்திய நாட்கள் முடிந்து, காயங்களும் ஆறியதும், இரண்டு கூண்டுகளையும் ஒரே அறைக்குக் கொண்டுவந்து, நடுவே நான்கு விரற்கடையாவது இடைவெளி விட்டு வையுங்கள். ஒட்டி வைத்தால் கம்பி வழியாகவே மூக்கையும் கால்விரலையும் கடித்துவிடும். தீவனத் தட்டை இரு பக்கமும் கம்பிக்கு அருகில் வைத்தால், எதிரே நிற்கும் அந்நியனும் சாப்பாட்டு நேரமும் மெல்ல ஒன்றுசேரும். கழிவுத் தட்டுகளை மாற்றி வையுங்கள். இரண்டொரு நாளுக்கு ஒருமுறை கூண்டுகளையே மாற்றி, அது இருந்த இடத்தில் இவற்றையும், இவை இருந்த இடத்தில் அதையும் விடுங்கள். முதல் நாள் பெண் முயல் பின்காலால் தரையை அறைந்து, கண்ட இடமெல்லாம் புழுக்கையைச் சிதறி வைக்கும். கோபித்துக்கொள்ளாதீர்கள், பத்திரத்தைப் புதுப்பிக்கிறது, அவ்வளவுதான். ஒரு நாள் இரு பக்கத்து முயல்களும் கம்பியை ஒட்டியே காலை நீட்டிப் படுத்திருக்கக் காண்பீர்கள். நேருக்கு நேர் சந்திக்கவைக்க அதுவே சரியான தருணம்.

சந்திக்கும் இடம் பொது இடமாக, அதாவது மூன்றில் எதுவும் இதுவரை கால் வைக்காத இடமாக இருக்க வேண்டும். குளியலறை, மாடிப்படியின் திருப்பம், மடக்குத் தடுப்புகளால் வளைத்த ஒரு மூலை எதுவானாலும் சரி. விலகி நிற்க இடம் வேண்டும். ஆனால் துரத்தி வேகமெடுக்கும் நீளம் வேண்டாம். தரை வழுக்கினால் முயல் மிரளும், எனவே அழுக்கில்லாத விரிப்பு ஒன்றைப் போடுங்கள். பழைய முயல்களின் விரிப்பு கூடாது. உலர்புல்லை ஒரே குவியலாக வைக்காமல் மூன்று நான்கு இடங்களில் பரப்புங்கள். ஒளிந்துகொள்ள அட்டைப்பெட்டி வைத்தால் அதற்கு இரண்டு வாசல்கள் வெட்டுங்கள். ஒரே வாசல் உள்ள பெட்டிக்குள் ஒன்று மாட்டிக்கொண்டால், மற்றது வாசலை அடைத்து நின்று குதறிவிடும். ஜோடியைப் பிரித்து ஒவ்வொன்றாக அறிமுகப்படுத்துவோரும் உண்டு. நான் மூன்றையும் சேர்த்தே விடச் சொல்வேன். ஒன்று மட்டும் போய்ப் புது வாடையோடு திரும்பினால், உள்ள ஜோடிக்குள்ளேயே சந்தேகம் முளைத்துவிடுகிறது.

முதல் நாள் ஐந்து நிமிடம் போதும். பத்தைத் தாண்ட வேண்டாம். நடப்பது பெரும்பாலும் சலிப்பூட்டுவதாகவே இருக்கும், அதுதான் நல்லது. அண்மையில் நான் அருகிருந்து பார்த்த சந்திப்பு ஒன்றில், மூத்த முயல் புதியதைக் கவனிக்காததுபோல் முதுகைக் காட்டி உட்கார்ந்து, மிகுந்த சிரத்தையோடு தன் முன்காலை நக்கிக்கொண்டிருந்தது. ஆனால் ஒரு காது மட்டும் திரும்பிப் பின்னால் நின்றவனையே கேட்டுக்கொண்டிருந்தது. புதியது வயிறு தரையில் பட ஊர்ந்து வந்து, தலையைத் தாழ்த்தி மூத்ததின் வாயருகே கொண்டுபோய் வைத்து அசையாமல் நின்றது. முயல் மொழியில் அது, 'என் நெற்றியை நக்கு' என்ற கோரிக்கை. மூத்தது நக்கவில்லை, கடிக்கவும் இல்லை. மூக்கின் துடிப்பு மட்டும் நின்று, பிறகு மறுபடி தொடங்கியது. அத்தோடு அன்றைய சந்திப்பை முடித்துவிட்டோம். நன்றாகத்தானே போகிறது என்று இன்னும் பத்து நிமிடம் நீட்டும் ஆசையில்தான் பலர் காரியத்தைக் கெடுக்கிறார்கள்.

சிறு துரத்தலுக்கும், ரோமத்தை லேசாகப் பிடுங்குவதற்கும் பதற வேண்டாம். காதுகள் முதுகோடு ஒட்டி, வால் விறைத்து, உடல் முன்னோக்கிச் சாய்ந்தால் கவனமாக இருங்கள். இரண்டும் ஒன்றன் வாலை ஒன்று குறிவைத்து வட்டமாகச் சுழலத் தொடங்கினால் ஒரு நொடியும் தாமதிக்காமல் இடையே ஒரு பலகையையோ குப்பை அள்ளும் முறத்தையோ இறக்குங்கள். தடித்த கையுறை அணியாமல் கையை நீட்டாதீர்கள். என் இடது கட்டைவிரலில் இருக்கும் தழும்பு இந்தப் பாடத்தை நான் கற்றுக்கொண்ட விதத்துக்குச் சான்று. கடித்த முயல் என்னைக் கடிக்க நினைக்கவே இல்லை, எதிரிக்கு வைத்த பல் நடுவில் வந்த விரலில் இறங்கிவிட்டது. தண்ணீரைப் பீய்ச்சிப் பிரிக்கும் வழக்கத்தையும் நான் விரும்புவதில்லை. நனைந்த முயல் அந்தப் பயத்தைப் புதியவனோடு சேர்த்தே நினைவில் வைத்துக்கொள்ளும்.

எத்தனை நாளாகும் என்று கேட்பீர்கள். சில ஜோடிகளுக்கு ஒரு வாரம், சிலவற்றுக்கு மாதக்கணக்கு. மூன்றாகச் சேர்ப்பது இரண்டைச் சேர்ப்பதைவிடக் கடினம் என்பதை மனத்தில் வைத்துத் தொடங்குங்கள். இரண்டொரு மாதம் ஒழுங்காக முயன்றும் ஒவ்வொரு சந்திப்பும் ரத்தத்தில் முடிந்தால், புதியதற்கு வேறொரு துணையைத் தேடிக் கொடுத்து இரண்டு ஜோடிகளாக வளர்க்கலாம். அதைத் தோல்வி என்று நான் சொல்லமாட்டேன்.

கேள்வி: கருத்தடை செய்த இரண்டு பெண் முயல்களை ஒரு வாரமாகப் பொது இடத்தில் சந்திக்க விடுகிறோம். மூத்தது இளையதின் மீது திரும்பத் திரும்ப ஏறுகிறது. இரண்டும் பெண் என்பதால் எங்களுக்குக் குழப்பமாக இருக்கிறது. தடுக்கலாமா?

பதில்: இதற்கும் இனப்பெருக்கத்துக்கும் தொடர்பில்லை, இங்கே யார் பெரியவர் என்று முடிவாகிறது. கீழே இருப்பது அசையாமல் பணிந்திருந்தால் சில நொடிகள் விட்டுவிடுங்கள். நீங்கள் ஒவ்வொரு முறையும் தடுத்தால் அந்த முடிவு எட்டப்படாமல் நாளைக்கும் முதலிலிருந்து தொடங்கும். கீழே இருப்பது திமிறினாலோ முனகினாலோ மேலிருப்பதை மெதுவாக இறக்கிவிட்டு, இரண்டின் நெற்றியையும் ஒருசேரத் தடவிக் கொடுங்கள். ஒரே ஒரு நிலையை மட்டும் ஒருபோதும் அனுமதிக்காதீர்கள்: தலைப்பக்கமாக ஏறுவது. அப்போது மேலிருக்கும் முயலின் பிறப்புறுப்பு கீழிருக்கும் முயலின் பற்களுக்கு நேராக வந்துவிடும். அங்கே விழும் கடி மிக மோசமானது.

கேள்வி: இரண்டு முயல்களையும் ஒரே கூடையில் அடைத்து வாகனத்தில் அரை மணி நேரம் சுற்றிவந்தால், பயத்தில் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நண்பர்களாகிவிடும் என்று அனுபவசாலி ஒருவர் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: ஒட்டிக்கொள்ளும் என்பது உண்மை. மழையில் ஒரே கூரைக்குக் கீழே ஒதுங்கியவர்களும் ஒட்டித்தான் நிற்பார்கள். மழை விட்டதும் அவரவர் வழியே போய்விடுவார்கள். அதிர்ச்சி முயலின் குடலை நிறுத்தக்கூடும் என்று மேலே சொன்னதை மறுபடியும் நினைவூட்டுகிறேன். ஓடும் வாகனத்தில் சண்டை மூண்டால் கூடைக்குள் பிரிக்க ஆளும் இல்லை, விலகி ஓட இடமும் இல்லை. அந்த நண்பர் பல முயல்களை இப்படிச் சேர்த்திருக்கக்கூடும். இருந்தாலும் நான் செய்யமாட்டேன்.

கேள்வி: கூடப்பிறந்த இரண்டு குட்டிகளை வாங்கி வந்தோம். மூன்று மாதம் ஆகிறது. ஆணா பெண்ணா என்று தெரியாது. சண்டையே இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்று தலைவைத்துத் தூங்குகின்றன. ஏற்கெனவே உள்ள பெண் முயலோடு சேர்ப்பதற்கு இதுதானே நல்ல சமயம்?

பதில்: இந்த வாரமே மருத்துவரிடம் கொண்டுபோய் ஆணா பெண்ணா என்று பார்த்துவிடுங்கள். சிறிய இன முயல்கள் மூன்றரை, நான்கு மாதத்திலேயே இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும். கூடப்பிறந்தது என்ற உறவு அவற்றுக்குக் கிடையாது. சினைக்காலம் ஏறத்தாழ 31 நாள். குட்டி ஈன்ற அன்றே பெண் முயல் மறுபடி சினையாகக்கூடும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். இரண்டும் ஆணாக இருந்தால், இன்று தலைவைத்துத் தூங்குபவை அடுத்த மாதம் ஒன்றையொன்று விரையில் கடித்துக்கொள்ளும். குட்டிகளைப் பெரிய முயல்கள் எளிதாக ஏற்பதுபோல் தோன்றுவது அவை குட்டிகளாக இருக்கும்வரைதான். விடலைப் பருவம் வந்ததும் அந்த ஒப்பந்தம் காலாவதியாகிவிடும். ஆண், பெண் என்று உறுதியானால் தனித்தனிக் கூண்டுகளில், பார்த்துக்கொள்ளும் தூரத்தில் வையுங்கள். கருத்தடை செய்த ஆண் முயலும் சில வாரங்கள் வரை சினையாக்கும் திறனோடு இருக்கும் என்பதால் அறுவைச் சிகிச்சை முடிந்த கையோடு சேர்த்துவிடாதீர்கள். பெரிய பெண் முயலுக்குக் கருத்தடை ஆகியிருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. ஆகவில்லை என்றால் அதையும் செய்துவிடுங்கள். கருத்தடை ஆகாத பெண் முயல்களுக்கு வயது ஏறும்போது கருப்பையில் புற்றுநோய் வருவது மிகச் சாதாரணம்.

கேள்வி: நான்கு ஆண்டுகளாக இணைபிரியாமல் இருந்த ஜோடியில் ஒன்றைப் பல் சிகிச்சைக்காக இரண்டு நாள் மருத்துவமனையில் விட்டு அழைத்து வந்தோம். திரும்பி வந்ததும் மற்றது அதைத் துரத்தித் துரத்திக் கடிக்கிறது. மறந்துவிட்டதா?

பதில்: மறக்கவில்லை, வந்திருப்பது அதுதான் என்று மூக்கு ஒப்புக்கொள்ள மறுக்கிறது. மருந்து வாடையும் மற்ற விலங்குகளின் வாடையும் ஏறிய உடம்போடு உங்கள் முயல் வீட்டுக்கு வந்திருக்கிறது. இரண்டையும் பக்கத்துப் பக்கத்துக் கூண்டுகளில் வைத்து, துணிகளை மாற்றி, மேலே சொன்ன பொது இடத்தில் சில நாட்கள் சந்திக்க விடுங்கள். பழைய ஜோடி பெரும்பாலும் விரைவில் கூடிவிடும். சிகிச்சை பெற்ற முயலுக்கு வாயில் வலி இருந்தால் அது ஆறும்வரை பொறுத்திருங்கள். அடுத்த முறை ஒன்றுக்கு உடல்நலமில்லை என்றாலும் இரண்டையும் சேர்த்தே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி: முயலுக்குத் துணையாகக் கினிப்பன்றியை விடலாமா?

பதில்: வேண்டாம். முயல் உதைத்தால் கினிப்பன்றிக்கு எலும்பு முறியும். முயலின் மூச்சுப்பாதையில் தீங்கின்றித் தங்கியிருக்கும் போர்டெடெல்லா நுண்ணுயிர் கினிப்பன்றிக்கு நிமோனியாவைக் கொண்டுவரும். உணவும் ஒத்துவராது; கினிப்பன்றிக்கு வைட்டமின் சி உணவிலிருந்துதான் கிடைக்க வேண்டும், முயல் அதைத் தன் உடலிலேயே தயாரித்துக்கொள்ளும்.

கேள்வி: பொது அறையில் எங்கள் முயல்கள் இப்போது ஒன்றாகத் தின்கின்றன, ஒன்றையொன்று நக்குகின்றன. எப்போது ஒரே கூண்டில் இரவு முழுவதும் விடலாம்?

பதில்: நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது நன்றாக நடந்துகொள்வது போதாது. சந்திப்பு நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி, ஒரு விடுமுறை நாளில் காலை முதல் மாலை வரை அதே பொது இடத்தில் விட்டு, நடுவே அறையை விட்டு வெளியேறிக் காதால் மட்டும் கவனித்துப் பாருங்கள். அடுத்து, ஒன்றோ இரண்டோ இரவுகள் நீங்களும் அதே அறையில் படுத்துக்கொள்ளுங்கள். முயல்களுக்கு விடியலும் அந்தியுமே சுறுசுறுப்பான வேளைகள் என்பதால், பகலெல்லாம் தூங்கி வழிந்தவை விடியற்காலை நான்கு மணிக்குத் துரத்திக்கொள்வது உண்டு. இரண்டு நாட்கள் இடைவிடாமல் சேர்ந்திருந்தும் துரத்தலோ ரோமம் பிடுங்குவதோ இல்லை என்றால் கூண்டுக்கு மாற்றலாம்.

மாற்றுவதற்கு முன் அந்தக் கூண்டை நீர் கலந்த வினிகரால் நன்றாகத் துடைத்துக் காயவைத்து, உள்ளே இருக்கும் பெட்டி, தட்டு, தண்ணீர்க் கிண்ணம் ஆகியவற்றின் இடத்தை மாற்றி, ஒரு முயலுக்கு ஒன்று என்ற கணக்கில் கழிவுத் தட்டு வையுங்கள். முழு இடத்தையும் திறந்துவிடாமல் ஒரு பகுதியை மட்டும் முதலில் கொடுங்கள். பழக்கமான பெரிய இடத்தைப் பார்த்ததும் பழைய முயலுக்குப் பழைய உரிமை நினைவுக்கு வந்துவிடும். இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை தடுப்பைச் சிறிது சிறிதாகத் தள்ளி வைக்கலாம். அன்றாடம் துப்புரவு செய்யும்போது இரண்டின் ரோமத்தையும் விலக்கிப் பார்க்கும் பழக்கத்தை இன்னும் ஒரு மாதத்துக்குக் கைவிடாதீர்கள்.